மல்லாந்த நண்டு

நான் ராசத்துரோகி. என்னை அப்படி அறிவித்தவர் முதலாம் சோமசேகர மன்னர். அவருடைய ராச்சியத்தைக் கால்நடையாகச் சுற்றிவர ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம் போதும். அப்படியென்றால் சிரித்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். தண்டனை என்னவென்று தெரிந்தால் கேட்கமாட்டீர்கள்.

கொட்டியாரக் குடாவில், மூதூருக்கும் திருகோணமலைத் துறைமுக வாசலுக்கும் நடுவே கிடக்கிற மணல்மேடு அது. பெயர் நண்டுத்திடல். கொஞ்சம் கண்டல் மரம், கொஞ்சம் தாழை, ஆறு குடும்பம். இந்துக்களும் முஸ்லிம்களான நாங்களுமாகக் கலந்து இருந்தோம். முதல் வாடியை, மீன்காரரின் ஓலைக் குடிசையை, கட்டியவர் என் புருஷன் கலீலுர் றஹ்மான். மூதூரில் எனக்கென்று இருந்த சீதன வீட்டை என் தங்கை அசனாவின் கலியாணத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அவரோடு இங்கே வந்தேன். அவர் காய்ச்சலில் மௌத்தானபிறகும் நான் திரும்பிப் போகவில்லை. போனால் தங்கை புருஷனின் குசினியில் ஒரு மூலை கிடைக்கும். இங்கே எனக்கு ஓலை வேய்ந்த ஒரு வீடும், மீன் காயப்போட நானே கட்டிய பரணும், யாரையும் கேட்காமல் எழும்பிப் படுக்கிற உரிமையும் இருந்தன.

சோமசேகரம் ஐயா எங்கள் ஆள் இல்லை. திருகோணமலை டவுண்காரர். வெள்ளைக்காரனின் நேவித் தளத்தில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் தளத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறியபோது இவருக்கும் வேலை போனது. கையளித்த இடங்களில் நண்டுத்திடல் சேரவில்லை, வெள்ளைக்காரன் கொடுக்கவுமில்லை, சிலோன் எடுக்கவுமில்லை, ஆகவே இது எந்த அரசாங்கத்துக்கும் சொந்தமில்லாத நிலம் என்று அவர் கண்டுபிடித்தார். யாருக்கும் சொந்தமில்லையென்றால் முதலில் கேட்கிறவனுக்குத்தானே. ஒரு நாள் பெரிய வள்ளத்தில் வந்து இறங்கினார். நேவி கழித்துவிட்ட இரும்புத் தண்ணீர்த் தாங்கி, கொடிக்கம்பம், சின்னம் இல்லாத ஒரு அதிகாரித் தொப்பி, வெள்ளைப் பெயின்ற் வாளிகள், இவ்வளவும் கூடவே வந்தன.

நாங்கள் ஏன் அவரை ராசா என்று ஏற்றுக்கொண்டோம் என்று பிற்காலத்தில் பலபேர் கேட்டார்கள். தண்ணீர்தான் காரணம், வேறென்ன. அதுவரைக்கும் குடிதண்ணீரை மூதூரிலிருந்து பானையில் ஏற்றிவந்து கொண்டிருந்தோம். அவர் சீமெந்து வளையம் இறக்கிக் கிணறு கட்டினார், மழைத்தண்ணீர் பிடிக்கத் தாங்கியை நிறுத்தினார், புதுக் கரைவலை ஒன்றும் வாங்கிப்போட்டார். அப்படிப்பட்ட மனிதர் தன்னை ராசா என்று கூப்பிடச் சொன்னால் கூப்பிட்டால் என்ன, வாய் தேய்ந்தா போகும். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் சீனி கொடுத்தார். எங்களுக்கும் அது விளையாட்டாகத்தான் இருந்தது. கொடியைத் தைத்துக் கொடுத்ததே நான்தான். நீலத் துணியில் சிவப்பு நண்டு, நண்டின் தலைக்கு மேலே மஞ்சள் முடி. நண்டின் ஒரு கொடுக்கு மற்றதைவிடப் பெருத்துப்போனது என் கைப்பிழை. மன்னர் அதைப் பலத்தின் அடையாளம் என்றார்.

கொடி ஏற்றிய முதல் நாள் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஒரு பாடம் நடத்தினார். கடலில் கொடியை ஒருபோதும் தலைகீழாக ஏற்றக்கூடாது, அப்படி ஏற்றினால் ஆபத்து, ஓடிவந்து காப்பாற்று என்று அர்த்தம், எந்த நாட்டு நேவியாக இருந்தாலும் அதைக் கண்டால் வந்தே ஆகவேண்டும் என்று சொன்னார். இதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சட்டங்களைத் தாங்கியின் வயிற்றில் வெள்ளைப் பெயின்றால் எழுதினார். ஆரம்பத்தில் எல்லாம் நல்ல சட்டம். கிணற்றடியில் மீன் கழுவக்கூடாது. வலையில் விழுவதில் நல்ல மீன் ஒன்று அரண்மனைக்கு. அரண்மனை என்றால் தகரக் கூரை போட்ட அவருடைய வாடியும் பக்கத்தில் இருந்த ஸ்டோரும்தான். ராச்சியத்தில் ராசா ஒருவர்தான் இருக்கலாம் என்பதால் தம்பிராசா என்ற எங்கள் வலைகாரப் பொடியனின் பெயர் தம்பி என்று குறைக்கப்பட்டது. அவனுடைய பெண்சாதி புஸ்பராணிக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. ராணியைப் பற்றி மன்னருக்கு அக்கறை இருக்கவில்லை.

அறுபத்திரண்டு தை மாதம் எல்லாம் மாறிப்போனது. கொழும்பில் பட்டாளத்திலும் பொலிஸிலும் இருந்த பெரியவர்கள் சிலர் அரசாங்கத்தைக் கவிழ்க்கத் திட்டம் போட்டு அகப்பட்டுவிட்டார்கள் என்று பற்றரி றேடியோவில் செய்தி வந்தது. மன்னர் அன்று சோறு தின்னவில்லை. பக்கத்தில் நிற்கிறவன்தான் தள்ளிவிடுவான் என்று சொல்லிக்கொண்டே ராச்சியத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அவருடைய பக்கத்தில் நின்றதெல்லாம் நாங்களும் எங்கள் ஆடுகளும்தான். விடிந்தபோது தாங்கியில் ராசத்துரோகச் சட்டம் பளபளத்துக்கொண்டிருந்தது.

மன்னரைப் பற்றிக் கூடாத கதை கதைத்தால் துரோகம். அனுமதி இல்லாமல் திடலைவிட்டுப் போனால் துரோகம். வெளி அரசாங்கத்தின் ஆளைக் கூட்டிவந்தால் பெருந்துரோகம். துரோகிக்குத் துடுப்போ கயிறோ கொடுத்து உதவுகிறவனும் துரோகி. சின்னத் துரோகத்துக்குக் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொழுது சாயும்வரை முழங்கால் தண்ணீரில் நிற்கவேண்டும். பெருந்துரோகத்துக்குத் துடுப்பில்லாத தோணி. கடல் வற்றி வெளியே இழுக்கிற வத்து நீரில் தள்ளிவிடுவார்கள், அவ்வளவுதான்.

முதலில் மாட்டுப்பட்டவர் எங்கள் எல்லோருக்கும் மூத்த அண்ணன்போல இருந்த ஆதம்பாவா காக்கா. தோணியின் பின்பக்கம், அமரத்தில் நின்று திசை பிடிக்கிற தண்டயல் அவர். அரண்மனை மீன் வரவரப் பெரிதாகிறது என்று சொல்லிவிட்டார். பொழுது சாயும்வரை தண்ணீரில் நின்றார். கால் பெருவிரலால் துழாவித் துழாவி உடுத்திருந்த சாரத்தின் மடி நிறைய நண்டு பிடித்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் பங்கிட்டார். நாங்கள் சிரித்தோம். அன்றைக்கே சிரிக்காமல் கேட்டிருக்கவேண்டும். அடுத்த நாளிலிருந்து துடுப்புகள் அரச உடைமையாகி மாலையானதும் ஸ்டோருக்குள் பூட்டப்பட்டன. சாவி மன்னரின் இடுப்பில் தொங்கியது.

ஐப்பசியில் வாடைக்காற்று முதன்முதலாகத் தலைகாட்டிய வாரம், ஆண்கள் இரண்டு தோணியிலும் கருவாடு ஏற்றிக்கொண்டு மூதூருக்குப் போயிருந்தார்கள். காற்று எழும்பியதால் திரும்ப ஏலாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை விடியும்போதே புஸ்பராணிக்குப் பிள்ளை நோ பிடித்துவிட்டது. மாதம் நிறைய இன்னும் நாள் இருந்தது. பிள்ளைப்பேறு பார்க்கிற கமலேஸ்வரி அக்கா வயிற்றைத் தடவிப் பார்த்தார், பிறகு வெளியே வந்து என் காதுக்குள் சொன்னார், பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இது தன்னால் ஏலாது, ஆசுப்பத்திரிக்குத்தான் கொண்டுபோகவேண்டும் என்று. மன்னரின் சின்ன ஓடம் ஒன்று மட்டும் கரையில் கிடந்தது. அந்தக் காற்றில் அதை இறக்கியிருந்தால் ஒரு சாவுக்கு மூன்று சாவாக முடிந்திருக்கும்.

நான் மன்னரிடம் போய்க் கொடியைத் தலைகீழாக ஏற்றச் சொன்னேன். துறைமுக வாசலில் நேவியின் றோந்து லோஞ்ச் ஓடிக்கொண்டிருப்பது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. அவர் மாட்டேன் என்றார். நேவிக்காரன் காலை வைத்தால் நாளைக்கே ஆறு குடும்பத்தையும் இந்த இடத்தைவிட்டு எழுப்பிப்போடுவான், கிணறும் போய்விடும் வாடியும் போய்விடும், ஆண்கள் வரட்டும் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்ன பயமும் பொய் இல்லை. ஆனால் வாடிக்குள்ளே புஸ்பராணி கத்திக்கொண்டிருந்தாள், அவள் ஆண்கள் வரும்வரை காத்திருக்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

நான் கம்பத்தடிக்குப் போனேன். கயிற்றை அவிழ்த்துக் கொடியை இறக்கினேன். நான் தைத்த நண்டு, எந்தப் பக்கம் தலை எந்தப் பக்கம் கால் என்று எனக்குத் தெரியாதா. திருப்பிக் கட்டி ஏற்றினேன். மல்லாந்து கிடக்கிற நண்டைப்போல அது காலை உதறிக்கொண்டு பறந்தது. மன்னர் பின்னால் நின்று றம்லா, றம்லா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பவில்லை.

லோஞ்ச் வந்தது. நாங்கள் புஸ்பராணியைப் பாயோடு தூக்கிக்கொண்டு போனோம். கால்மாட்டைப் பிடித்தவள் நான். சிங்கள அதிகாரி ஒருவர் தண்ணீருக்குள் குதித்து வந்து உடைந்த தமிழில் கேட்டார், இந்த இடத்துக்குப் பொறுப்பு யார் என்று. நான் சுற்றிப் பார்த்தேன். மன்னர் தாங்கிக்குப் பின்னால் நின்றார். தொப்பியைக் கழற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வெளியே வந்தார்.

"ஒருத்தரும் இல்லை, சேர். நான் காவல்காரன்" என்றார்.

அதிகாரி தலையாட்டிவிட்டு லோஞ்சைத் திருப்பச் சொன்னார். கமலேஸ்வரி அக்கா கூடவே போனார். மன்னர் அந்த நிமிடமே போய்க் கொடியை நிமிர்த்திக் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை காற்று தணிந்து ஆண்கள் வந்து சேர்ந்தார்கள். தம்பிராசா மூதூர் இறங்குதுறையில் செய்தி கேள்விப்பட்டு, அங்கிருந்தே பயணிகள் லோஞ்ச் ஏறித் திருகோணமலை ஆசுப்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, கமலேஸ்வரி அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். பெண் பிள்ளை. வயிற்றைக் கீறி எடுத்தார்களாம். தாயும் பிள்ளையும் சுகம். அவன் என்னைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்த அழுகை முடிவதற்குள் மன்னர் எல்லோரையும் கம்பத்தடிக்கு வரச் சொன்னார்.

கோட்டுப் போட்டுத் தொப்பி வைத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தாங்கி. அதில் புதிதாக ஒரு வரி. கொடியைத் தலைகீழாக ஏற்றி அந்நிய நேவியை அழைக்கிறவர் பெருந்துரோகி. அதற்குக் கீழே தை மாதத்துத் திகதி. நான் கொடியைத் திருப்பினேனா என்று கேட்டார். நான் ஏன் மறைக்கவேண்டும்.

"ஓம். நான்தான் மல்லாத்தினனான். இன்னொருக்கா அப்படி நடந்தா இன்னொருக்காவும் மல்லாத்துவன்."

பிறகு எழும்பிப் போய்த் தாங்கியில் அந்தப் புது வரியின்மேல் விரலை வைத்து இழுத்தேன். விரலை எல்லோருக்கும் காட்டினேன். வெள்ளையாக இருந்தது. தை மாதம் எழுதிய சட்டம் ஐப்பசி பிறந்தும் காயவில்லையா என்று கேட்டேன். ஆதம்பாவா காக்கா குனிந்து தாடியைத் தடவிக்கொண்டார், சிரிப்பை மறைக்கத்தான். மன்னரின் முகம் சிவந்தது, ஆனால் அவர் பதில் இல்லாத மனிதர் இல்லை. கொழும்பிலேயே அந்தக் கவிழ்க்கப் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் செய்தார்கள், குற்றம் நடந்தபிறகு சட்டம் எழுதிப் பழைய திகதிக்குச் செல்லும் என்றார்கள், பார்லிமெந்தே செய்கிறது, நான் செய்யக்கூடாதா என்று கேட்டார். கொழும்பு செய்தால் நியாயம் ஆகிவிடுமா என்று கேட்டேன். அவர் கோட்டின் பொத்தானைத் திருகினார். கொழும்பும் அதைத்தான் செய்திருக்கும்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேவிக்காரன் கேட்ட நேரம் தொப்பியை ஒளித்துக்கொண்டு நான் காவல்காரன் என்று சொன்னது யார் என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டேன். இந்தத் திடலில் ராசாவே இல்லை என்று சொன்னவரைவிடப் பெரிய ராசத்துரோகி யார் இருக்கிறார் என்றும் கேட்டேன்.

"அது ராசதந்திரம்" என்றார் மன்னர்.

தீர்ப்பு துடுப்பில்லாத தோணி. ஆனால் மன்னிப்பும் உண்டு என்றார். நான் செய்தது பிழை என்று கொடிக்கு முன்னால் ஒரு தரம் சொன்னால் போதும், என் வீடும் பரணும் எனக்கே. எல்லோரும் மூச்சை விட்டார்கள். ஒரு சொல்தானே. அவளும் சொல்லிவிடுவாள், பொழுதும் போய்விடும், நாளைக்கு வலை இழுக்கப் போகலாம் என்று அவர்களுடைய முகத்தில் எழுதியிருந்தது. மன்னருக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அவருக்கு என்னைக் கடலில் தள்ள ஆசையில்லை. குனியவைக்கத்தான் ஆசை.

நான் சொல்லவில்லை. தம்பிராசா வந்து கெஞ்சினான். அக்கா, உங்களுக்குப் போக இடமில்லை என்று எனக்குத் தெரியும், ஒரு சொல் சொல்லிவிட்டு இருங்கள் என்றான். அவனுக்கு நன்றி இல்லையென்று சொல்லமாட்டேன், வலையும் தண்ணீரும் மன்னருடையவை, அவனுக்கும் இப்போது ஒரு பிள்ளை. ஆனால் நான் அவனை விடவில்லை.

"உன்ட பெண்சாதியும் பிள்ளையும் உசிரோட கிடக்கிறது பிழையெண்டு நீ முதல்ல சொல்லு, தம்பிராசா. பொறகு நான் சொல்றன்."

அவனுடைய முழுப் பெயரையும் நான் சொன்னதை எல்லோரும் கவனித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

எந்தத் தோணியில் தள்ளுவது என்று சட்டம் எழுதும்போது மன்னர் யோசித்திருக்கவில்லை. சின்ன ஓடம் அரச ஓடம், அதில் துரோகி உட்காரக்கூடாது. மூதூர் போய்வந்த இரண்டில் ஒரு தோணி வரும் வழியில் பலகை பிளந்து கவிழ்த்துக் கிடந்தது. மிஞ்சியது கரைவலைப் பெரிய தோணி, எல்லோருக்கும் சோறு போடுகிற தோணி. எப்படியும் மூதூர்க் கரையில் ஒதுங்கும், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றார் மன்னர். வத்து நீர் தோணியை மூதூர்ப் பக்கம் கொண்டுபோகாது, வெளிக்கடலுக்குத்தான் இழுக்கும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். துடுப்புகளை எல்லாம் அவரே எண்ணாமல் அள்ளிக்கொண்டுபோய் ஸ்டோருக்குள் போட்டுப் பூட்டினார்.

நான் தோணியில் ஏறி நடுப்பலகையில் உட்கார்ந்தேன். பயமாக இருந்தது. பயமில்லை என்று சொன்னால் பொய். சேலையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டேன். என் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். பரணில் அன்று காலை போட்ட மீன் காய்ந்துகொண்டிருந்தது, அதை யார் புரட்டிப் போடுவார்கள் என்று ஒரு யோசனை வந்தது. அந்த நேரத்தில் அப்படியும் யோசனை வரும்.

ஆண்கள் இரண்டு பக்கமும் தோணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மன்னர் தள்ளச் சொன்னார். தோணி அசையவில்லை. அவர்கள் ஏமாற்றவில்லை. எங்கள் கரையில் தண்டயல் குரல் கொடுக்காமல் எவனுக்கும் கை தள்ளாது. எல்லோரும் ஒரே மூச்சில் தள்ளினால்தான் அந்தத் தோணி நகரும், அந்த மூச்சை எடுத்துக் கொடுப்பது தண்டயலின் குரல். ஆதம்பாவா காக்கா வாயைத் திறக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே நின்றார். மன்னர் இன்னொரு தரம் தள்ளச் சொன்னார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் இன்னும் சொல்லிவிடுவேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றதும், மன்னர் தொப்பியைச் சரிசெய்து சரிசெய்து பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. என் வாயிலிருந்து பிழை என்ற சொல்லை எடுக்க இவ்வளவு பேர் வெயிலில் நிற்கிறார்களே என்று வந்த கோபத்தில் நானே தொண்டையைத் திறந்தேன்.

"ஏலேலோ... ஏலோ!"

பெண் குரலில் அதை அவர்கள் கேட்டதில்லை. ஆனாலும் உடம்பு கேட்டுவிட்டது. ஏலோ என்று திருப்பிச் சொன்னார்கள், தள்ளினார்கள். மணலை உரசிக்கொண்டு தோணி இறங்கியது. மறுபடியும் குரல் கொடுத்தேன், மறுபடியும் தள்ளினார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, அலை ஒன்று வந்து தோணியின் முன்பக்கத்தை, அணியத்தைத் தூக்கியது. அந்தத் தோணியைத் தள்ளுகிறவன் அந்த இடத்தில் என்ன செய்வானோ அதைச் செய்தார்கள். தாவி ஏறினார்கள். வலப்பக்கம் நின்றவன் வலப்பக்கத்தாலும் இடப்பக்கம் நின்றவன் இடப்பக்கத்தாலும் ஏறி, அவனவன் தண்டு வலிக்கிற பலகையில் போய் உட்கார்ந்தான். கடைசியாக ஆதம்பாவா காக்கா அமரத்தில் ஏறி, திசைத் துடுப்பைப் பிடிக்கக் கையை நீட்டினார். அங்கே ஒன்றும் இல்லை.

ஆளை ஆள் பார்த்தார்கள். பிறகு தம்பிராசா சிரிக்கத் தொடங்கினான். அடக்க ஏலாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், கண்ணால் தண்ணீர் ஓடியது. பழக்கதோஷம் என்று ஆதம்பாவா காக்கா இன்றுவரைக்கும் சொல்கிறார். பழக்கமா, வேண்டுமென்றேயா என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. கேட்டால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார்.

கரையில் மன்னர் கைகளை வீசிக்கொண்டு நின்றார். இறங்குங்கள், அனுமதி இல்லாமல் திடலைவிட்டுப் போவது துரோகம் என்று கத்தினார். குதித்து நீந்துவது அவர்களுக்குப் பெரிய காரியமில்லை. ஒருவனும் அசையவில்லை. வத்து நீர் தோணியைப் பிடித்துக்கொண்டது. மெல்ல மெல்ல அணியம் வெளிக்கடல் பக்கம் திரும்பியது. சிரிப்பு நின்றுபோனது. சட்டப்படி பார்த்தால் ராச்சியத்தின் ஆண்கள் அத்தனை பேரும் இப்போது துரோகிகள், தண்டனையிலும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெண்கள் கரைக்கு ஓடிவந்தார்கள். யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. ஒன்றாகத் திரும்பி மன்னரைப் பார்த்தார்கள். கமலேஸ்வரி அக்கா அவருக்கு முன்னால் போய்க் கையை நீட்டினார். என்ன சொன்னார் என்று பிறகுதான் கேட்டறிந்தேன்.

"சாவி, ஐயா" என்றாராம். ராசா என்று சொல்லவில்லை.

மன்னர் சாவியைக் கொடுக்கவில்லை. தாமே ஓடிப்போய் ஸ்டோரைத் திறந்தார். இரண்டு நீளத் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு கோட்டோடு தண்ணீருக்குள் இறங்கினார். அவருக்கு நீந்தத் தெரியாது. திடலைச் சுற்றிக் கொஞ்சத் தூரம் நிலம் நீண்டு கிடக்கும், அதற்குப் பிறகு ஆழம், தோணி அந்த விளிம்பை இன்னும் தாண்டவில்லை. இடுப்புத் தண்ணீர், மார்புத் தண்ணீர், கழுத்துத் தண்ணீர் என்று வந்துகொண்டேயிருந்தார். தொப்பி கழன்று மிதந்து போனது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. துடுப்பை எங்களை நோக்கி நீட்டினார். நான் பக்கவாட்டில் குனிந்து மறு முனையைப் பிடித்தேன். அலை அவருடைய வாய்க்குள் போனது, இருமினார். அவரும் நானும் ஒரே துடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"துரோகிக்குத் துடுப்புக் குடுக்கிறவனும் துரோகி. உங்கட சட்டம்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

"இப்ப நீங்க ஆர்? ராசாவா, காவல்காரனா?"

அவர் என்னைப் பார்த்தார். பின்னால் பெண்கள், அதற்கும் பின்னால் கொடி. ராசதந்திரம் என்று இன்னொரு தரம் சொல்வாரோ என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நான் துடுப்பை மட்டும் இழுத்தெடுத்திருப்பேன்.

"காவல்காரன்" என்றார்.

"அப்ப ஏறுங்க."

தம்பிராசா ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துத் துடுப்புகளோடு தூக்கிப் போட்டோம். கோட்டிலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுக எங்கள் காலடியில் கிடந்தார். ஆதம்பாவா காக்கா திசைக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வலிக்கக் கொடுத்தார். ஒற்றைத் துடுப்பாலும் கையாலும் பலகையாலும் தண்ணீரைத் தள்ளித் தள்ளி, பொழுது சாய்ந்தபோது கரை சேர்ந்தோம். இறங்கியதும் நான் முதலில் என் மீனைப் புரட்டிப் போட்டேன். பிறகு கம்பத்தடிக்குப் போய்க் கொடியை மறுபடியும் மல்லாத்திக் கட்டினேன். யாரும் தடுக்கவில்லை. புஸ்பராணி பிள்ளையோடு திரும்பி வந்தபோதும் அது அப்படியேதான் பறந்துகொண்டிருந்தது. துடுப்புகள் தோணிக்குள் கிடந்தன, ஸ்டோருக்குள் பிறகு வெங்காயம் வைத்தோம்.

அடுத்த மாதம் அதே நேவி அதிகாரி வந்தார். கூடவே நிலம் பதிகிற காணிக் கந்தோர்க்காரர் ஒருவரும். சோமசேகரம் ஐயா பயந்தது உண்மையாகத்தான் போயிற்று, எங்களை எழுப்பத்தான் வந்திருந்தார்கள். பொறுப்பு யார் என்று மறுபடியும் கேட்டார்கள். சோமசேகரம் ஐயா இந்த முறை தாங்கிக்குப் பின்னால் நிற்கவில்லை. கிணற்றடிக்கு முன்னால் வந்து நின்று, நான் காவல்காரன், இந்த ஆறு குடும்பத்துக்கும் காவல், இவர்களை எழுப்புவதென்றால் என்னைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றார். நாங்கள் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றோம். கந்தோர்க்காரர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, சரி, இப்போதைக்கு இருக்கிற ஆட்களைப் பதிவோம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று பேனையைத் திறந்தார். என்னிடம் பெயர் கேட்டார், சொன்னேன். தொழில் என்ன என்று கேட்டார்.

"ராசத்துரோகி" என்றேன்.

அவர் என்னையும் பரணையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கருவாடு என்று எழுதிக்கொண்டார்.